வயிற்றை ஏமாற்றும் வேலை

இன்சுலினை விழுங்க முடியாது. பஸ்ஸில், கல்யாணப் பந்தியில், ஆபீஸ் கேன்டீனில், "ஏங்க, இதை மாத்திரையா போட்டுக்கக் கூடாதா?" என்று கேட்ட அத்தனை பேருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்திருக்கிறது. மருந்து என்பதற்காக வயிறு அதற்கு மரியாதை தராது. அது ஒரு புரதம், அவ்வளவுதான். பருப்பிலும் புரதம், பாலிலும் புரதம். உள்ளே இறங்கிய எதையும் வயிறு அமிலத்தில் ஊறவைத்து நறுக்கிப் போட்டுவிடும். நறுக்கிய பிறகு அது இன்சுலின் இல்லை, வெறும் சாப்பாடு. அதனால்தான் தோலைக் குத்தி உள்ளே அனுப்ப வேண்டியிருக்கிறது. இன்றைக்கும் அப்படித்தான். ஐம்பதைத் தொடப்போகிறேன்; ஊசி இல்லாத நாட்கள் எனக்குப் பாவாடை கட்டிய வயதோடு முடிந்துபோயின.

ஊசிக்காக அழ இதை எழுதவில்லை. வயிற்றை ஏமாற்ற நான் செய்த முயற்சியைப் பற்றியும், அதை வைத்துக்கொண்டு என் வீட்டார் வேறு சிலரை ஏமாற்றப் பார்த்ததைப் பற்றியும் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், எனக்குப் பன்னிரண்டு வயதில், சர்க்கரை வியாதி வந்தது. காவிரியில் ஆடி வெள்ளம் கரை தட்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் அதற்குப் போட்டியாகக் குடித்துக்கொண்டிருந்தேன். குடம் குடமாகத் தண்ணீர். உடம்போ நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் பிரேயரில் நின்றபடியே விழுந்தேன். கண் விழித்தது டவுன் ஆஸ்பத்திரியில். டாக்டர் அப்பாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அப்பா பொன்மலையில் ரயில்வே குமாஸ்தா. எதையும் சட்டென்று காட்டிக்கொள்ளாத முகம். அன்றைக்கு அந்த முகம் அப்படியே கீழே விழுந்ததைப் பார்த்தேன்.

அம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பொய்யை ஏற்பாடு செய்தாள்.

"யாராவது கேட்டா கண்ணுக்குச் சொட்டு மருந்துன்னு சொல்லு. ஊசின்னு வாயைத் திறந்தே, நாளைக்கு ஒருத்தன் இந்த வாசப்படி ஏற மாட்டான்."

பன்னிரண்டு வயதில் வாசற்படி ஏறப்போகிறவனைப் பற்றி எனக்கு என்ன கவலை? ஆனால் அம்மாவுக்கு இருந்தது. ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் எங்கள் வீட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காதுகள். கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைக்கிற ஸ்டவ் கொல்லையில் கிணற்றடிக்குப் போனது. மருந்துப் பாட்டில், சூடேறாமல் இருக்க, ஈர மணல் நிரப்பிய மண்சட்டிக்குள், துளசி மாடத்துக்குப் பின்னால். ஊசி முனை மழுங்கினால் அப்பா சாணைக்கல்லில் தீட்டித் தருவார். மழுங்கிய ஊசி தோலுக்குள் இறங்கும்போது ஒரு சத்தம் உண்டு. வெளியே கேட்காது, பல்லுக்குள் கேட்கும்.

இரண்டு வருஷம் கழித்து, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். மாட்டின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று போட்டிருந்தது. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு நேராகத் தளிகை உள்ளுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பாவுக்குத் தெரியுமோ?"

கூடத்திலிருந்து அப்பா குரல் வந்தது. "தெரியும். முதல் நாளே தெரியும்."

அம்மா கிணற்றடிக்குப் போய்த் தலையோடு நான்கு வாளி ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு திரும்பி வந்து, "சாயந்திரம் ஊசி போட்டாச்சோ?" என்றாள். அதற்குமேல் அந்த வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. நான் மட்டும் மனசுக்குள் வைத்துக்கொண்டேன்: எங்கோ பெயர் தெரியாத ஒரு மாடு, அதன் உடம்பில் சுரந்தது என் உடம்பில் ஓடுகிறது, அதை யார் தீட்டு என்று சொன்னாலும் என் ரத்தத்தைத்தான் சொல்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

வேதியியல் படித்தேன். வேறெதைப் படிப்பேன்? எண்பதுகளின் முதல் பாதி. காவேரிப் பாலம் தாண்டி, மலைக்கோட்டை கண்ணில் படும் தூரத்தில் ஒரு கல்லூரி. எம்.எஸ்ஸி. முடித்து அங்கேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். எங்கள் துறையில் பாலிமர்தான் பேச்சு. நீளமான சங்கிலி மூலக்கூறுகள்; பிளாஸ்டிக், நைலான், பசை, பெயின்ட். எல்லாரும் எது நீண்ட நாள் உழைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பழைய வெளிநாட்டுச் சஞ்சிகையில் வேறொன்றைப் பார்த்துவிட்டேன். தயிரின் புளிப்பு எதுவோ, அந்த லாக்டிக் அமிலத்தைக் கோத்துக் கோத்து ஒரு பிளாஸ்டிக் செய்யலாம். உடம்புக்குள் போனால் அது மெல்லக் கரைந்து, பழையபடி புளிப்பாகவே பிரிந்து, உடம்போடு கலந்து போய்விடும். அதை மணலைவிட நுண்ணிய உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் புரத மருந்தை ஒளித்து வைத்தால்? வெளிச்சுவர் கரையும்வரை உள்ளே இருப்பது பத்திரம்.

எங்கள் புரொபசரிடம் போனேன். நல்ல மனிதர்தான், நாக்கு மட்டும் பிளேடு. துறைக் கூட்டத்தில், பத்துப் பேர் முன்னால், என் தலைப்பைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, உலகத்துல அவனவன் நூறு வருஷம் உழைக்கிற பிளாஸ்டிக் பண்ணப் பாக்குறான். நீ மக்கிப் போற பிளாஸ்டிக் பண்ணப்போறியா? ஓட்டை விழுற குடையை எவன் வாங்குவான்?"

"உடம்புக்குள்ள நூறு வருஷம் இருந்தா நாம செத்துடுவோம் சார்."

"பதில் மட்டும் நல்லாத்தான் சொல்ற. மக்கு பிளாஸ்டிக்!"

அறை சிரித்தது. மறுநாள் காலை ஆய்வகத்துக்குப் போனால், என் மேசைக்கு மேலே கரும்பலகையில் பெரிய எழுத்தில் 'மக்கு' என்று எழுதியிருந்தது. யார் எழுதினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. சாக்பீஸை எடுத்து, பக்கத்தில் ஒரு 'ம்' போட்டேன்.

மக்கும்.

அது போதும் எனக்கு. அழிக்க வேண்டாம் என்று பெருக்க வருகிற ஆயாவிடமும் சொல்லிவைத்தேன். புரொபசர் வந்தார், பார்த்தார், வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, "சரி, ஆறு மாசம் தரேன். அதுக்குள்ள எதையாவது காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குத் துணையாக ஒருத்தி. பாலக்கரையிலிருந்து வருவாள். மாதா கோயில் மணி கேட்டால் எங்கிருந்தாலும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிறவள். அடுத்த நொடியே வாயில் கெட்ட வார்த்தை. அவள் என்னை 'ஸ்ரீரங்கம்' என்பாள். நான் அவளைப் 'பாலக்கரை' என்பேன். சொந்தப் பெயர்களை நாங்கள் அட்டெண்டன்ஸுக்கு மட்டும் வைத்திருந்தோம்.

சஞ்சிகையில் அந்த உருண்டைகளுக்கு 'நானோ' என்று முன்னால் சேர்த்திருந்தார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைக்கிற அளவு. பாலக்கரை அதைப் படித்துவிட்டு, கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய குடுவையோடு நின்றாள்.

"அது என்னடி நானோ? இதை யாரு கழுவுறது, நானோ நீயோ?"

"நீயேதான்."

"பாரேன், பேரு வெக்கறப்பவே வேலை வாங்குறானுங்க."

எங்களிடம் கருவி எதுவும் இல்லை. லாக்டிக் அமிலத்தை நாள் முழுக்கச் சூடாக்கி, ஆவியை பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்தால், அடியில் தேன் மாதிரி ஒன்று தங்கும். ஆறினால் வெளிர் மஞ்சள் கண்ணாடி போல உடையும். அதைக் குளோரோபாரத்தில் கரைக்க வேண்டும். இன்சுலின் கலந்த தண்ணீரை அதில் ஊற்றி, மிக வேகமாக அடித்துக் கலக்க வேண்டும். வேகமாக அடிக்கிற கருவி எங்கே? பாலக்கரை அவள் வீட்டுப் பழைய மிக்சியைச் சாக்குப்பையில் சுற்றி டவுன் பஸ்ஸில் கொண்டுவந்தாள். எவர்சில்வர் ஜாடி. அடிக்கும்போது சூடேறினால் புரதம் கெட்டுவிடும். அதனால் ஜாடியைச் சுற்றி ஐஸ். ஐஸுக்கு நான் காந்தி மார்க்கெட்டில் மீன்கடைக்குப் போவேன். திரும்பி வந்து கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும், அன்றைக்கு முழுக்க என் விரல்களில் கடல் இருக்கும். ஸ்ரீரங்கத்து வீட்டுக்குள் அந்த விரல்களோடுதான் போனேன். அம்மா மூக்கைச் சுளித்து, "என்ன வாடை?" என்பாள். "கெமிஸ்ட்ரி" என்பேன்.

துறையில் இன்சுலின் வாங்கக் காசு கிடையாது. என் பழைய பாட்டில்களின் அடியில் காலாவதியாகி மிஞ்சியிருந்ததைத்தான் பயன்படுத்தினேன். என் உடம்புக்குப் போகாமல் தப்பித்த துளிகள்.

ஒரு நாள் மத்தியானம், அடித்துக் கலக்கி, குளோரோபாரம் ஆவியாகும்வரை காத்திருந்து, பெரிய துகள்களை அடியில் தங்கவிட்டு, மேலே நின்ற தெளிந்த நீரைக் குடுவையில் எடுத்து சன்னல் வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். பால் ஒரு சொட்டு விழுந்த தண்ணீர் மாதிரி இருந்தது. ஓரத்தில் மெல்ல, மிக மெல்ல, நீலம் தெரிந்தது. ஆகாயம் நீலமாகத் தெரிவதும் இப்படித்தான். அத்தனை சின்னதான எதிலாவது வெளிச்சம் இடறி விழுந்தால்தான் இந்த நீலம் வரும். என் கையில் ஆகாயத்தின் ஒரு டம்ளர். பாலக்கரை கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு சிலுவை போட்டுக்கொண்டாள்.

புரொபசர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, திருகித் திருகிப் பார்த்தார். "ஒண்ணுமே தெரியலியே."

"அதான் சார் வேணும். தெரிஞ்சா பெருசுன்னு அர்த்தம்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எதுவும் தெரியலங்கறதுக்கு டிகிரி கேக்கற மொத ஆளு நீதாம்மா." ஆனால் அன்றைக்கு அவர் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பிறகு வந்தது உண்மையான சோதனை. வயிற்றில் இருக்கிற அதே அமிலத்தை, புரதம் அறுக்கிற நொதியோடு, ஒரு குழாயில் வைத்தோம். உடம்புச் சூட்டில் ஒரு செயற்கை வயிறு. உறையில்லாத இன்சுலினைப் போட்டால் சற்று நேரத்தில் காணாமல் போனது. உருண்டைக்குள் இருந்ததைப் போட்டோம். பெரும்பகுதி அதுவும் போனது. சுவருக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருந்த மருந்து, உள்ளே விழுந்ததும் முதலில் கொட்டிவிட்டது. ஆனால் கொஞ்சம் மிஞ்சியது. கொஞ்சம். மறுபடி செய்தோம், மறுபடியும் கொஞ்சம் மிஞ்சியது. வயிற்றை அந்தக் கொஞ்சத்தால் ஏமாற்றிவிட்டேன்.

அதற்குப் பின்னால் எத்தனை கதவுகள் என்று எனக்குத் தெரியும். வயிற்றைத் தாண்டினாலும் குடலின் சுவர் இருக்கிறது. அதைத் தாண்டி ரத்தத்தில் சேர வேண்டும். சேர்ந்தாலும் தினம் ஒரே அளவு சேர வேண்டும், கூடினால் உயிருக்கு ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. என் தலைமுறையில் நடக்காது. நடக்காதது என்பதற்காக நான் அந்த நீலத்தைக் கீழே ஊற்றிவிட முடியுமா? ஒருவர் முதல் கதவையாவது தட்ட வேண்டும். தட்டினேன்.

மடத்தனம் என்னுடையதுதான், சந்தோஷத்தில் வீட்டில் சொன்னேன்.

"தயிர்லேர்ந்து பிளாஸ்டிக்கா?" அம்மாவின் கண் விரிந்தது. "அதுக்குள்ள மருந்து. முழுங்கினா போறும். ஊசியே வேண்டாமோ?"

"வேண்டாம்னு சொல்ல இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும்மா. கண்ணாடிக் குழாய்லதான் நின்னுது, அதுவும் கொஞ்சூண்டு."

"தயிர்னா ஆசாரம்தான்," என்றாள் அம்மா. நான் சொன்னதில் அவளுக்கு வேண்டியது மட்டும் காதில் விழுந்திருந்தது.

ஒரு வாரத்துக்குள் ஜாதகம் வந்தது. மெட்ராஸில் பாங்க் உத்தியோகம். பொருத்தம் பார்த்தாயிற்று, படம் பார்த்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். என் வியாதியை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

"எதுக்குச் சொல்லணும்?" அம்மா வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "நீ என்ன, வருஷக் கணக்கா ஊசி போட்டுக்கப் போறியா? ஒரு வருஷத்துல மாத்திரை பண்ணிடுவே. அதுவரைக்கும் அவா ஆத்துலயும் கொல்லைப்பக்கமா போய்ப் போட்டுக்கோ. அப்புறம் மாத்திரைன்னா தலைவலின்னு சொல்லிண்டா போச்சு."

"அம்மா, மாத்திரை வராது."

"அச்சுப்பிச்சுன்னு பேசாதே. உன்னை மாதிரி கெட்டிக்காரி யாரு இருக்கா?"

பெற்ற தாய் மகளின் கெட்டிக்காரத்தனத்தை நம்புவதை எப்படித் திட்டுவது? ஆனால் எனக்கு மெட்ராஸில் ஒரு குளியலறை கண்ணில் தெரிந்தது. கதவில் ஒரு காதை வைத்துக்கொண்டு, கையில் ஊசியோடு, மாமியார் நடையைக் கேட்டுக்கொண்டு நிற்கிற நான். விருந்தாளி வந்தால் ஒரு வேளை தள்ளிப்போகும். இரண்டு வேளை தள்ளினால் ஆஸ்பத்திரி. மூன்றாவது வேளை தள்ளினால் ஓயாமல் குடித்துக்கொண்டே போகிற அந்தத் தாகம், பிறகு எதுவுமில்லை. என் உயிரை ஒரு பொய்யின் மேல் கட்டித் தொங்கவிடப் பார்த்தார்கள். அந்தப் பொய்யை என் ஆராய்ச்சியின் பெயரால் சொல்லப் பார்த்தார்கள். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

"நீங்க சொல்றேளா, நான் சொல்லட்டுமா?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"வரட்டும். முதல்ல பாக்கட்டும். அப்புறம் பக்குவமா நான் சொல்றேன்."

எனக்கு அப்பாவின் பக்குவம் தெரியும். அது ரயில்வே காகிதம் மாதிரி, மேசை மேசையாகப் போகும்.

ஞாயிறு. நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாலரைக்கு ராகுகாலம் ஆரம்பம். அதற்குள் வந்து பார்த்துவிடுவதாக ஏற்பாடு. அம்மா திட்டம் போட்டாள்: சாயங்கால ஊசியை மூன்றரைக்கே போட்டுவிடுவது, ஸ்டவ்வையும் சட்டியையும் எடுத்து மறைத்துவிடுவது, அவர்களோடு சேர்ந்து டிபன் சாப்பிட்டால் சரியாகிவிடும். இன்சுலின் உள்ளே போனால் பின்னாலேயே சாப்பாடு போக வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையையும் அது துடைத்துத் தின்றுவிடும். இது அம்மாவுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் நேரத்தைக் கோலம் மாதிரி புள்ளி வைத்துப் போட்டிருந்தாள்.

போட்டுக்கொண்டேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். நாலு ஆயிற்று. நாலேகால். எதிர்வீட்டுப் பையன் ஓடிவந்தான்: அவர்கள் பஸ் தாமதம், உத்திர வீதியில் உறவுக்காரர் வீட்டில் இப்போதுதான் இறங்கியிருக்கிறார்கள், இனிமேல் ராகுகாலம் கழிந்து ஆறு மணிக்குத்தான் படியிறங்குவார்களாம்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். ராகுவுக்கு இன்சுலினைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஒரு வாழைப்பழமும் அரை டம்ளர் காபியும் கிடைத்தன. சொஜ்ஜியும் பஜ்ஜியும் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணி, வாழையிலை போட்டு மூடி, வருகிறவர்களுக்காகக் காத்திருந்தன. அவர்கள் கை வைப்பதற்கு முன்னால் பெண் சாப்பிட்டால் நன்றாகவா இருக்கும்? "இதோ, இதோ வந்துடுவா," என்று அம்மா என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு அடித்து, வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன், அவன் அம்மா, அவன் அத்தை. பாயில் உட்கார்ந்தார்கள். தாம்பாளத்தில் மூன்று தட்டு வைத்து என்னிடம் கொடுத்தார்கள். கூடத்துக்குள் நடக்கும்போதே தரை பஞ்சாகிவிட்டது. உதடு மரத்தது. முதுகில் வேர்வை ஓடி, பட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டது. தட்டுகள் ஒன்றோடொன்று கிணுகிணுத்தன.

"வெக்கத்தைப் பாரேன்," என்றாள் அத்தை. "எப்படி வேர்க்கறது, எப்படி நடுங்கறது! இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா!"

தாம்பாளத்தைப் பையன் முன்னால் வைத்தேன். வைத்தேனா, விழவிட்டேனா தெரியாது. கண்ணுக்கு முன்னால் கறுப்புப் புள்ளிகள். நடுவில் பொன் நிறத்தில், நெய் மின்ன, சொஜ்ஜி. அவன் கை அதை நோக்கி வந்தது. என் கை முந்திக்கொண்டது. அப்படியே உட்கார்ந்து, அவன் தட்டிலிருந்து வாரி வாயில் போட்டுக்கொண்டேன். அவன் தட்டு முடிந்ததும் அவன் அம்மாவின் தட்டு.

"என்னடி இது!" அத்தை தன் தட்டை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

அம்மா ஓடிவந்தாள். "இல்ல, அவ... காலம்பரலேர்ந்து ஏகாதசி உபவாசம், அதான்..."

ஸ்ரீரங்கத்தில் நின்றுகொண்டு, ஸ்ரீவைஷ்ணவர்களிடம், திதியில் பொய்.

"ஏகாதசி முந்தாநாளே ஆயாச்சே? இன்னிக்கு திரயோதசின்னா?" என்றாள் பையனின் அம்மா, மெதுவாக.

எனக்குச் சிரிப்பு வந்தது. வாய் நிறையச் சொஜ்ஜி. விழுங்கினேன். சர்க்கரை ஏறுவதை நீங்கள் பார்த்ததில்லை. எனக்கு அது தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிவது மாதிரி. முதலில் உதடு வந்தது, பிறகு விரல்கள், பிறகு கூடம், பிறகு கூடத்தில் இருந்தவர்கள். எல்லாரும் வந்து சேர்ந்ததும் சொன்னேன்.

"உபவாசமில்லை மாமி. எனக்குச் சர்க்கரை வியாதி. பன்னெண்டு வயசுலேர்ந்து. தினம் ரெண்டு வேளை இன்சுலின் ஊசி. இன்னிக்கு நீங்க நாலு மணிக்கு வருவேள்னு நம்பி மூணரைக்கே போட்டுண்டுட்டேன். நீங்க ராகுகாலம் பாத்தேள். என் உடம்பு பாக்கலை."

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். அம்மா விடவில்லை. "மாத்திரை வரப்போறது! அவளே பண்ணிண்டிருக்கா, காலேஜ்ல. தயிர்லேர்ந்து. முழுங்கினா போறும், ஊசியே கிடையாது. கேளுங்கோ, அவளையே கேளுங்கோ!"

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. இப்போதும் சொல்வேன். காலித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, முதல் தடவையாக நேராக என்னைப் பார்த்துக் கேட்டான். "அது எப்போ வரும்?"

அவன் குரலில் ஒரு இடம் இருந்தது. அடுத்த வருஷம் என்று நான் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் ஒரு கல்யாணமே உட்கார்ந்திருக்கும். அம்மாவின் கண் என்னைக் கெஞ்சியது. ஒரே ஒரு வார்த்தை. வயிற்றை ஏமாற்றுகிறவளுக்கு ஒரு மனிதனை ஏமாற்ற எவ்வளவு நேரம்?

"வராது," என்றேன். "நான் இருக்கறதுக்குள்ள வருமான்னே தெரியாது. ஊசிதான். கடைசி வரைக்கும் ஊசிதான்."

"அப்போ எதுக்கு அதைப் பண்ணிண்டிருக்கே?" பையனின் அம்மா கேட்டாள். குத்திக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டாள்.

"வராதுன்னு சும்மா உக்காந்திருக்க முடியலை மாமி."

அத்தை தன் மடியிலிருந்த தட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். "இதையும் தின்னு," என்றாள். பரிவா, வெறுப்பா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு வேண்டியிருந்தது, தின்றேன். அவர்கள் காபியைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். யாரும் கடிதத்தை எதிர்பார்க்கவில்லை, வரவும் இல்லை.

அன்றிரவு அம்மா என்னோடு பேசவில்லை. திங்கட்கிழமை ஆய்வகத்தில் கதையைச் சொன்னபோது பாலக்கரை சிரித்துச் சிரித்து ஸ்டூலிலிருந்து சரிந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை தட்டையே தின்னுட்டு வந்திருக்கா பாரு. வா, மிக்சியைப் போடலாம்," என்றாள். போட்டோம்.

வீட்டில் அந்த மௌனம் நீண்டது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க எதுவும் இல்லை. வெட்கப்பட வேண்டிய இடத்தில் தின்றவள் என்று தெருவில் பேச்சு பரவியிருக்கும். சன்னதிக்குப் போனால் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குனிவார்கள். நான் தலையை நிமிர்த்தி நடந்தேன். நிமிர்த்தி நடக்க எனக்குக் கழுத்து வலித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் சாயங்காலம், வாசலில் பக்கத்து வீட்டு மாமியின் குரல். இத்தனை வருஷமும் என் கண்ணைப் பற்றி அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்தவள்.

"ஏண்டிம்மா, உன் பொண்ணுக்கு என்னமோ வியாதியாமே? ஊசியெல்லாம் போட்டுக்கறாளாமே? ஊரெல்லாம் பேசிக்கறா. நான் நம்பலை. எங்காத்துக்குப் பக்கத்துல இத்தனை நாள், எனக்குத் தெரியாமயா?"

நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கண் மருந்து வரப்போகிறது என்று நினைத்தேன். அம்மாவிடம் பொய்கள் தீர்ந்ததே கிடையாது.

"ஆமாம்," என்றாள் அம்மா.

"என்னது?"

"ஆமாம் மாமி. சர்க்கரை. ஊசிதான். மாட்டு மருந்து." அம்மாவின் குரல் ஒரு படி உயர்ந்தது; இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் கேட்கட்டும் என்று. "இப்போதான் போட்டுக்கற நேரம். உள்ள வாங்கோ. பாக்கலாம்."

மாமி திணறிக்கொண்டே அம்மாவின் பின்னால் கூடத்துக்குள் வந்தாள். அம்மா கொல்லையிலிருந்து ஸ்டவ்வைத் தூக்கிவந்து கூடத்து நடுவில் வைத்து, பம்ப் அடித்து, பற்றவைத்தாள். தண்ணீர் கொதித்தது. ஊசியை எடுத்து என் கையில் கொடுத்தாள். மாமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் திறங்கோ மாமி," என்றாள் அம்மா. "அவ தினம் போட்டுக்கறா. நீங்க ஒரு தடவை பாத்தா என்ன?"